பென்சில் கோட்டுக்கு மேலே இரண்டு நூல்

என் அத்தையின் கணவர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். மனிதர்களெல்லாம் பிறகு. அத்தையைப் பெண் கேட்டு வந்த அன்றும் அப்படித்தான். என் தாத்தாவிடம் அவர் பேசிய முதல் வாக்கியம், கூடத்தில் தண்ணீர் கொட்டினால் அது கட்டிலுக்கடியில் போய் நிற்கும் என்பது. தாத்தா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தார். கட்டிலுக்கடியில் போய் நின்றது. தன் கல்யாணம் முடிவானது அந்தச் சொம்புத் தண்ணீரால்தான் என்று அத்தை இருபத்தாறு வருடங்களாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்துக்கொள்வார்.

மாமாவுக்குத் தொழில் டைல் ஒட்டுவது. முப்பது வருடங்களாகப் பெரும்பாலும் குளியலறைகள். ஊரில் அவருக்கு ‘ரசமட்டம்’ என்று பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு குமிழியும் வைத்த கட்டை ஒன்று இருக்குமே, அதன் பெயர் அது. அதை அவர் எங்கேயும் விட்டுவிட்டுப் போனதில்லை. தேநீர்க் கடையில் மேசை ஆடினால், குடிக்க வந்தவர் குடிக்காமல் காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்துக்கொண்டிருப்பார். கடைக்காரர் அவருக்கென்றே ஒரு மேசையை ஆடவிட்டு வைத்திருக்கிறார் என்று சந்தேகப்படுவோரும் உண்டு. மற்ற மேசைகளை அவர் தொடாமல் இருப்பதற்கு அதுவே வழி.

மற்றவர்கள் இரண்டு நாளில் முடிக்கும் அறைக்கு இவர் எட்டு நாள் எடுத்துக்கொள்வார். அந்த எட்டில் ஆறு நாள் டைல் பெட்டி பிரிக்கப்படவே பிரிக்கப்படாது. வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று, டைல் எப்போது வரும் என்று ஏக்கத்தோடு கேட்பார்கள். “டைல்ங்கறது சட்டை. உடம்பு கீழ இருக்கு” என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். பேச்சில் மிச்சப்படுத்தியதையெல்லாம் தரையில் செலவழிப்பவர்.

இவ்வளவும் சரி. ஆனால் அவருடைய சொந்தக் குளியலறை நான்கு வருடங்களாக ஒழுகிக்கொண்டிருந்தது.

அந்தத் தரை அவர் போட்டதல்ல. பதினோரு வருடங்களுக்கு முன்பு இரண்டாவது மாடியில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோதே இருந்தது. அதற்குக் கீழே, முதல் மாடியில், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் தனியாக இருக்கிறார். ஒருநாள் அவர் சமையலறைக் கூரையில் தட்டளவுக்கு ஒரு கறை தெரிந்தது. டீச்சர் ஸ்டூல் போட்டு ஏறி, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதினார். கறை கோட்டைத் தாண்டியது. மறுபடி கோடு, மறுபடி தேதி. நான் வேலை கிடைத்து அத்தை வீட்டில் தங்க வந்தபோது அந்தக் கூரை, பெரிய மரம் ஒன்றை வெட்டிய இடத்தில் தெரியும் வளையங்களைப் போலாகியிருந்தது.

மாமா பார்க்கிறேன் என்பார். பார்க்கத்தான் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே இறங்கிப் போய், அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரம் உடைத்துவிடுகிறேன் டீச்சர் என்று சொல்லிவிட்டு வருவார். அடுத்த வாரம் யார் வீட்டிலோ யார் குளியலறையிலோ குந்தியிருப்பார்.

விஷயம் ஹார்டுவேர் கடை வரைக்கும் போய்விட்டது. அங்கேதான் கான்ட்ராக்டர்களும் மேஸ்திரிகளும் கூடுவார்கள். நாற்பது குளியலறைகள் கொண்ட புது ஹாஸ்டல் கட்டிடம் ஒன்றை எடுத்திருந்த கான்ட்ராக்டர், அந்த நாற்பதையும் மாமாவிடம் கொடுப்பதாக இருந்தார். அவர் அந்தக் கடையில் பத்துப் பேர் முன்னால், உங்கள் வீட்டுக் குளியலறையே ஒழுகுகிறதாமே என்று கேட்டார். கேட்ட விதம் சிரிப்பாகத்தான் இருந்ததாம். மாமாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“அது என் தளம் இல்ல. இனிமே அது என் தளமா இருக்கும். மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. ஒரு சொட்டு எறங்கியிருந்தா அந்த நாப்பதையும் வேற ஆளுக்குக் கொடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து, கைகூடக் கழுவாமல், உளியை எடுத்தார்.

ஐந்துக்கு ஏழு அடி அறை. பழைய டைலும் அதற்கடியில் இருந்த கலவையும் பெயர்ந்து மூட்டை மூட்டையாகப் படியிறங்கின. கழிப்பறை தனியாக இருந்ததால் தப்பித்தோம். குளிப்பதற்கு மட்டும் கீழே டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. டீச்சர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. கதவில் ஒரு நேர அட்டவணையை மட்டும் ஒட்டினார். அத்தைக்கு ஆறு பத்திலிருந்து ஆறு இருபத்தைந்து வரை. எனக்கு அதற்குப் பிறகு பன்னிரண்டு நிமிடம். மாமாவுக்கு ஏழு நிமிடம். நேரம் முடிந்தால் டீச்சர் கதவைத் தட்டுவதில்லை, செருமுவார். அந்தச் செருமலுக்குப் பயந்து அத்தை பாதிச் சோப்போடு வெளியே வந்த நாளும் உண்டு.

மேலே மாமா கான்கிரீட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். தூசியைத் துணியால் ஒற்றி எடுத்தார். ஒற்றிய துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தார். சுவரும் தரையும் சேரும் மூலைகளைக் கூர்மையாக விடாமல் கலவை வைத்து உள்ளங்கையால் உருட்டிவிட்டார். தண்ணீர் போகும் குழாயின் கழுத்தைச் சுற்றித் தனியாக ஒரு பூச்சு. பிறகு நீர் இறங்காமல் தடுக்கும் சாம்பல் நிறப் பூச்சு. முதல் நாள் கிழக்கு மேற்காக, மறுநாள் வடக்கு தெற்காக, சுவரிலும் ஒரு அடி உயரத்துக்கு. அத்தை காபி கொண்டுபோய் வைத்தால், டம்ளரைப் பூச்சின் மேல் வைத்துவிடாதே என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. என்னைக் கவனிக்கும் நேரத்தைவிட அந்தப் பூச்சைக் கவனிக்கும் நேரம் அதிகம் என்று அத்தை என்னிடம் சொன்னார், அவருக்குக் கேட்கும்படியாக.

பூச்சு காய்ந்ததும் சோதனை. குழாயின் வாயைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, வாசற்படியில் கலவையால் சின்ன வரப்பு கட்டி, அறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் விட்டு மூன்று நாள் நிறுத்தி வைப்பது. தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுவரில் ஒரு பென்சில் கோடு. நடுவில் இரண்டு செங்கல் மேல் ஓர் அலுமினிய பேசின், அதிலும் தண்ணீர், அதிலும் ஒரு கோடு. பேசின் எதற்கு என்று கேட்டேன். வெயிலுக்கும் காற்றுக்கும் தண்ணீர் கொஞ்சம் ஆவியாகும், பேசினில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் தரையிலும் குறைய வேண்டும், அதற்கு மேல் குறைந்தால் தரை குடிக்கிறது என்று அர்த்தம் என்றார். அந்த மூன்று வாரங்களில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது.

தரை குடித்தது. ஒரே இரவில் பேசினில் ஒன்றும் குறையவில்லை, தரையில் மூன்று நூல் குறைந்திருந்தது. நூல் என்பது அவர்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தண்ணீரை வடித்துவிட்டுத் தேடினார். குழாயின் கழுத்தருகே ஊசி முனையளவு ஒரு துளை. அதை மட்டும் அடைத்தால் போதுமே என்று அத்தையும் டீச்சரும் நானும் தனித்தனியாகச் சொன்னோம். அவர் முழுப் பூச்சையும் கொத்தி எடுத்தார். நான்கு நாள், டீச்சரின் தலைக்கு நேர் மேலே, காலை ஏழு மணியிலிருந்து. டீச்சர் தாளைத் திருத்துவதுபோலக் கண்களை இடுக்கிக்கொண்டு நடமாடினார்.

மறுபடி தேய்ப்பு, மறுபடி பூச்சு. மூன்றாவது வாரம் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடி தண்ணீர் கட்டினார். சனிக்கிழமை எட்டு மணிக்கு மூன்று நாள் முடியும். ஞாயிறு கான்ட்ராக்டர் வருவார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மாமா குந்தி உட்கார்ந்து பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, கோட்டைப் படிக்கச் சொன்னார்.

கோடு தண்ணீருக்குள் இருந்தது. மேலே, இரண்டு நூல் தண்ணீர் ஏறியிருந்தது.

பேசினில் சொன்னபடி ஒரு நூல் குறைந்திருந்தது. பேசின் குறைகிறது, தரை ஏறுகிறது. இரண்டாவது மாடியில் ஊற்று வந்திருக்கிறது என்று அத்தை சொன்னார். குரலில் ஏதோ குறைந்தது. மாமா கவனிக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து தண்ணீர் வந்தால்தான் ஏற முடியும். வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் சுவருக்குள் போகும் குழாய் எங்கோ உடைந்திருக்க வேண்டும். அவர் உளியை எடுத்தார்.

சுவரை உடைத்தால் ஞாயிறு போய்விடும். நாற்பதும் போய்விடும். புதன்கிழமை மாலை அத்தை ஒரு பக்கெட்டோடு குளியலறை வாசலில் நின்றதை நான் பார்த்திருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் உளி சுவரைத் தொட்டபோது நான் அத்தையைப் பார்த்தேன். கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

“வேணாங்க, ஒடைக்காதீங்க” என்றார் அத்தை. “நான்தான் ஊத்துனேன்.”

மாமா திரும்பினார்.

“புதன்கிழமை சாயங்காலம் பாத்தா கோட்டுக்குக் கீழ ஒரு மயிரிழை தெரிஞ்சுது. நீங்க பாத்தா மறுபடியும் கொத்துவீங்க. இன்னும் ஒரு வாரம் அந்தம்மா செருமறதை என்னால கேக்க முடியாது. ஒரு பக்கெட் ஊத்துனேன். கொறஞ்சதுக்குப் பாதி, நாளைக்குக் கொறையப் போறதுக்குப் பாதி.”

மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்துக்கு ஏழு அறையில் ஒரு நூல் ஏற ஏறக்குறைய பத்து லிட்டர். ஆவியானது ஒரு நூல், மேலே ஏறியது இரண்டு நூல், ஆக மூன்று நூல் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. முப்பது லிட்டர்.

“நம்ம பக்கெட் பதினஞ்சு லிட்டர்” என்றார். “இன்னொரு பக்கெட் எங்க?”

அத்தை சத்தியம் செய்யாத குறை. ஒன்றுதான் ஊற்றினேன், இரண்டாவது ஊற்ற எனக்கு ஏது தைரியம் என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் நம்பினார், ஆனால் கணக்கு நம்பவில்லை. பதினைந்து லிட்டர் யாருடையது என்று தெரியாமல் அந்தத் தண்ணீர் முழுவதையும் வடித்தார். மறுபடி நிரப்பி, புதிய கோடு போட்டார். அப்போது மணி எட்டு. கழற்றி வைத்திருந்த கதவை மறுபடி மாட்டி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இருபத்தாறு வருடங்களில் என்னிடமிருந்து எதையும் பூட்டி வைத்ததில்லை என்று அத்தை அன்றைக்கு முழுவதும் பாத்திரங்களிடம் முறையிட்டார்.

வெள்ளி எட்டு மணியென்றால் மூன்று நாள் முடிவது திங்கள் எட்டு மணி. கான்ட்ராக்டர் வருவதோ ஞாயிறு.

வந்தார். ஞாயிறு பத்து மணிக்கு, வெள்ளைச் சட்டையில், முகத்தில் அதே கடைச் சிரிப்போடு. மாமா கதவைத் திறந்து காட்டினார். பேசினில் ஒரு நூல், தரையில் ஒரு நூல். கான்ட்ராக்டர் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, போதும் மேஸ்திரி, நன்றாகத்தான் நிற்கிறது, முடித்துக்கொள்ளலாம் என்றார். அத்தை மூச்சை விட்டார்.

“இல்லீங்க” என்றார் மாமா. “ரெண்டு நாள்தான் ஆச்சு. மூணு நாள் நிக்கணும். நடுவுல வீட்டு ஆளுங்க கொஞ்சம் ஒத்தாசை பண்ணிட்டாங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வாங்க.”

கான்ட்ராக்டருக்கு மறுபடி வா என்று கேட்டுப் பழக்கமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. நாளைக்கு எனக்கு வேறு வேலை இருக்கிறது, கீழ் வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு இன்றைக்கே முடிவு சொல்லிவிடுகிறேன் என்று படியிறங்கினார். நாங்களும் பின்னால் இறங்கினோம். அத்தை இறங்கும்போது மாமாவிடம், வாயைத் திறக்காமலே இருபத்தாறு வருடம் ஓட்டினீர்களே, இன்றைக்கு ஒருநாள் மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

டீச்சர் சமையலறையில் ஸ்டூலைத் தயாராகப் போட்டு வைத்திருந்தார். கான்ட்ராக்டர் ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்தார். வளையங்கள் அப்படியே இருந்தன, ஆனால் காய்ந்து, தொட்டால் பொடி உதிர்ந்தது. இந்த இரண்டு நாளில் ஒரு சொட்டாவது இறங்கியதா, நீங்கள் சொல்வதை நம்பலாம் டீச்சர் என்றார்.

டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். முப்பத்தைந்து வருடம் வகுப்பு முன்னால் நின்றவர், அன்றைக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எறங்கல. ஆனா என் பேச்சை நம்பாதீங்க சார். நானும் தண்ணி ஊத்தியிருக்கேன்.”

அத்தையின் வாய் திறந்தபடி நின்றது. மாமா மட்டும் தலையை மெதுவாக ஆட்டினார். கணக்கு சரியாகிவிட்ட நிம்மதி.

விஷயம் இதுதான். மேல் வீட்டில் ஏதாவது ஒழுகினால் வால்வை மூட டீச்சரிடம் எப்போதும் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று உண்டு. வியாழக்கிழமை நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு மேலே வந்து பார்த்திருக்கிறார். அறையில் விளக்கு இல்லை. முதல் நாள் தண்ணீர் விட்டபோது குழாயிலிருந்து தெறித்துச் சுவரில் காய்ந்த கறை ஒன்று இருந்தது. அதைத்தான் மாமா போட்ட கோடு என்று நினைத்துக்கொண்டார். அவ்வளவு குறைந்துவிட்டதா, மறுபடியும் நான்கு நாள் சுத்தியலா என்று பயந்து, பக்கெட்டை நிரப்பினார். கறை வரைக்கும் ஏற்ற நினைத்தார், ஒரு பக்கெட்டிலேயே மூச்சு வாங்கிவிட்டது.

“சர்வீஸ்ல ஒரு பிள்ளைக்குக்கூட நான் கிரேஸ் மார்க் போட்டதில்ல” என்றார் டீச்சர். “ஒரு தரைக்குப் போட்டுட்டேன்.”

கான்ட்ராக்டர் ஸ்டூலிலேயே நின்றபடி கூரையையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒழுகினால் ஒழுகட்டும் என்று தன் கூரைமேலேயே தண்ணீர் ஊற்றிய வீட்டுக்காரரை இதுவரை அவர் பார்த்திருக்க மாட்டார். கீழே இறங்கி, கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, நாளை எட்டு மணிக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனார். அவர் போனதும் அத்தையும் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பத்தொன்பது நாள் செருமலுக்கும் அவசரக் குளியலுக்கும் பிறகு, இருவரும் ஒரே குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். டீச்சர் அத்தைக்கு டீ போட்டுக் கொடுத்தார். மறுநாள் அட்டவணையில் ஆறு இருபத்தைந்து ஆறரையானது.

திங்கள் எட்டு மணிக்கு மாமா கதவைத் திறந்தார். கான்ட்ராக்டர் தன் சட்டைப் பையிலிருந்து தானே ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்து அளந்தார். பேசினில் ஒன்றரை நூல். தரையில் ஒன்றரை நூல். இரண்டு முறை அளந்தார். மாமா அடைப்பை எடுத்தார், தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. கீழே டீச்சர் ஸ்டூல் மேல் நின்று, ஒன்றுமில்லை என்று படி வழியே கத்தினார்.

நாற்பதும் உங்களுக்குத்தான் மேஸ்திரி என்றார் கான்ட்ராக்டர். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் தண்ணீர் கட்டியே ஆக வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார். மாமா பேசினைத் துடைத்துத் தன் கருவிப் பையோடு சேர்த்து வைத்ததும் தானே பதிலைப் புரிந்துகொண்டார். அப்படியானால் நேரம் இல்லை, நாளைக்கே ஆரம்பித்துவிடுங்கள் என்றார்.

அத்தை கதவருகே நின்றிருந்தார். தண்ணீர் வடிந்த சாம்பல் தரையைப் பார்த்தார். அதன்மேல் இன்னும் தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடும்படி வாட்டம் கொடுத்துக் கலவை போட வேண்டும், அது காய வேண்டும், பிறகுதான் டைல், பிறகு அதன் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். இவ்வளவும் பாக்கி என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போனால் நாற்பதும் முடிந்து மாமா திரும்பி வருவதற்குள் அடுத்த வருடம் வந்துவிடும். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை எங்கள் குடும்பம் மட்டுமே அறியும்.

மாமா தரையைப் பார்த்தார். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தலையை நிமிர்த்தி அத்தையைப் பார்த்தார்.

“அடுத்த திங்கள்தான் வருவேன்” என்றார் கான்ட்ராக்டரிடம். “வீட்ல அவங்க குளிக்கணும்.”

கான்ட்ராக்டர் வாதாடினார். ஒரு வாரம் தள்ளினால் ஹாஸ்டல்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றார், வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்றுகூடச் சொன்னார். மாமா கலவை பூசும் கரணையை எடுத்து ஈரத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, திங்கள் என்றால் திங்கள், காலை ஏழு மணிக்கு என்று சொல்லிவிட்டு கான்ட்ராக்டர் இறங்கிப் போனார்.

அத்தை சமையலறைக்குள் போய்விட்டார். ஒன்றும் காதில் விழாதவர்போல. இரண்டு நிமிடம் கழித்து வந்து, கான்ட்ராக்டரிடம் என்னவோ சொன்னீர்களே, என்ன அது என்று கேட்டார். மாமா அடுத்த திங்கள் என்று சொன்னேன் என்றார். அதற்குப் பிறகு என்னவோ சொன்னீர்களே என்றார் அத்தை. மாமா திரும்பவும் தரையில் குந்தி, சிமெண்டுக்குத் தண்ணீர் கேட்டார். அத்தை ஒரு பக்கெட் நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே நின்றார்.